ஸ்காட்லாந்து பேராசிரியைக்குச் சிதம்பரத்தில் வந்த பக்கவாதம்

எந்த வேலையாக இருந்தாலும் சரி, நாலைந்து வருஷம் விடாமல் செய்தால் அது நம் கண்ணைக் கெடுத்துவிடும். தையல்காரர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை, ஷெர்வானியின் தோள்பட்டையைத்தான் பார்க்கிறார். பல் டாக்டர் முன்னால் ஒருவராலும் நிம்மதியாகச் சிரிக்க முடியாது. என் கண் கெட்ட விதம் வேறு. யார் எதிரில் வந்தாலும் வாய் நேராக இருக்கிறதா, ஒரு தோள் தொங்குகிறதா, நடக்கும்போது இரண்டு கையும் ஒரே அளவு வீசுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அவர் யார் என்பதே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியவரும். (தோழியின் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ளைக்கு எடது தோள் லேசா எறக்கம், எதுக்கும் ஒரு தடவ காட்டிக்கோடி" என்றேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.)

நான் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் ஒரு மரியாதையான குழப்பம் வரும். கடலூரில் ஒரு சின்ன மறுவாழ்வு மையத்தில் வேலை. பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்கு மறுபடியும் சட்டைப் பொத்தான் போட, சோறு பிசைய, லுங்கியை அவிழாமல் கட்டச் சொல்லிக்கொடுப்பேன். எங்கள் படிப்பில் ஆக்குபேஷன் என்றால் உத்தியோகம் இல்லை. காலையில் பல் தேய்ப்பதிலிருந்து ராத்திரி கொசுவலை கட்டுவது வரை ஒரு மனிதர் தனக்காகச் செய்துகொள்ளும் எல்லாமே ஆக்குபேஷன்தான். இது ஊருக்குத் தெரியாதே! மையத்து வாசலில் போர்டு மாட்டிய வாரமே பண்ருட்டியிலிருந்து ஒருவர் பயோடேட்டாவோடு வந்துவிட்டார்.

"ஆக்குபேஷன்னு போட்டிருக்கீங்களே மேடம், நம்ம மருமவன் பி.இ. முடிச்சிட்டு சும்மாதான் கெடக்குறாரு. துபாய்னா கூட ஓகே."

"ஐயா, இது வேலை வாங்கித் தர்ற எடம் இல்ல. கை கால் வராதவங்களுக்கு..."

"அவருக்கும் கை கால் ஒண்ணும் வணங்காது மேடம். அதான் கூட்டியாரலாம்னு பார்த்தேன்."

இப்படிப்பட்ட நான் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க ஆசைப்பட்டேன். ஆசைக்குக் காரணம் இருந்தது. என்னிடம் வரும் பலருக்குக் கை சீக்கிரமே திரும்பிவிடும். ஆனால் வீட்டுக்குப் போனால் அந்தக் கையை யாரும் தூக்கவே விடமாட்டார்கள். மனைவி சோறு ஊட்டுவார், மகள் சட்டை போட்டுவிடுவாள், மச்சான் செருப்பை எடுத்து வைப்பார். பாசத்தாலேயே ஒரு மனிதரை உட்கார்த்தி வைத்துவிடுவார்கள். இந்தப் பாசத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது எப்படி என்பதையே பாடமாக வைத்திருந்த முதுகலைப் படிப்பு ஒன்று ஸ்காட்லாந்தில் இருந்தது. அந்த இடம் எனக்கு வேண்டும். அதை நினைத்தால் சோறு இறங்காது, அப்படி வேண்டும்.

எங்கள் ஊர் லால்பேட்டை. அத்தா, அதாவது என் அப்பா, வாழ்க்கையில் பாதியைக் குவைத்தில் கழித்துவிட்டு வந்தவர், வெளிநாடு என்றால் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அவருக்கு என் கல்யாணக் கவலை இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒப்பந்தம் போட்டார்.

"ஒரு தடவ எழுதிப் போடு. கெடச்சா நானே ஏர்போர்ட்டு வரைக்கும் வந்து ஏத்திவுடுறேன். கெடைக்கலன்னா மாப்ள பேச்சு எடுக்குறப்ப நீ மூஞ்சத் தூக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம் அத்தா" என்றேன். ரொம்பத் தெம்பாகத்தான் சொன்னேன். இண்டர்வியூ வீடியோவில் நடக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தேதி வந்தது. கடலூரில் அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்தடை. லால்பேட்டை வீட்டில் நெட் எப்போது வரும், எப்போது போகும் என்று அதற்கே தெரியாது. ஆகவே சிதம்பரத்தில் ஜமால் மாமாவின் ஆபீஸ் என்று முடிவானது. ஜமால் மாமா அம்மாவின் தம்பி. மேலவீதிப் பக்கம் டிராவல்ஸ் வைத்திருக்கிறார்: மக்கா போகும் உம்ரா யாத்திரை, ஏர் டிக்கெட், பாஸ்போர்ட். உள்ளே கண்ணாடி கேபின், ஏ.சி., புதிதாகப் போட்ட ஃபைபர் நெட். சுவரில் மக்கா, துபாய், சிங்கப்பூர் என்று மூன்று கடிகாரம். ஸ்காட்லாந்துக்குக் கடிகாரம் இல்லை.

"மக்கா டைம்ல ரெண்டு மணி நேரத்தக் கொறச்சிக்கோ ஷமீ, சரியா வந்துடும்" என்றார் மாமா.

நான் மக்காவில் இரண்டைக் குறைத்து, அது அங்கே காலையா மதியமா என்று குழம்பி, பயத்தில் ரொம்ப முன்னாடியே போய் கேபினில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் கூடவே வந்திருந்தார். ("நான் பேசாம ஓரமா உக்காந்துக்குறேன்" என்றார். அம்மா ஓரமாகவும் உட்கார்ந்ததில்லை, பேசாமலும் இருந்ததில்லை.) அவரைக் கண்ணாடிக்கு வெளியே சோபாவில் உட்கார வைத்தோம். அங்கே ஏற்கனவே காட்டுமன்னார்கோயிலிலிருந்து உம்ராவுக்குப் பேச வந்த ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும், மலேசியா டிக்கெட்டுக்கு வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்கள். மாமா எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, "நம்ம அக்கா மவ. லண்டன் டாக்டருக்குப் பரீட்சை எழுதுது" என்று அறிமுகம் செய்தார். அதில் ஒரு சொல்கூட உண்மை இல்லை, அக்கா மகள் என்பதைத் தவிர.

திரையில் பேராசிரியை வந்தார். நரைத்த குட்டை முடி, பச்சை ஸ்வெட்டர், சிரித்த முகம். முதல் கேள்வியே எனக்குப் பிடித்தது: ஆக்குபேஷன் என்ற சொல்லுக்கு உன் ஊரில் என்ன அர்த்தம்? பண்ருட்டிக்காரர் கதையைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இடம் கிடைத்தாயிற்று என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. (அந்தக் குரலை நான் அதற்குப் பிறகு எதற்கும் நம்புவதில்லை.)

இரண்டாவது கேள்வியின் நடுவில்தான் அது நடந்தது. "உன் நோயாளிகளின் குடும்பத்தாரை..." என்று ஆரம்பித்தவரின் பேச்சு திடீரென்று இழுத்தது. சொல் குழறியது. முகத்தைப் பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கி அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. மறுபாதி முகம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில் சாதாரணப் பெண்ணாக இருந்தால், "மேடம், நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொல்லியிருப்பாள். நான்தான் சாதாரணப் பெண் இல்லையே! காலையிலிருந்து சாயங்காலம் வரை கோணின வாயையே பார்த்துக்கொண்டிருப்பவள். பக்கவாதம் வந்தால் முதல் சில மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் மூளையில் ஒரு துண்டு போய்விடும் என்று ஊர் ஊராக முகாமில் மைக் பிடித்துச் சொன்னவள். இண்டர்வியூ, அத்தா, ஒப்பந்தம் எல்லாம் மறந்துபோயின.

"மேம்! ஸ்மைல்! ப்ளீஸ் ஸ்மைல்!" என்று கத்தினேன்.

பாவம், சிரித்தார். பாதி முகம் சிரித்தது. மறுபாதி அப்படியே தொங்கியது.

"ரெய்ஸ் போத் ஹேண்ட்ஸ் மேம்! போத் ஹேண்ட்ஸ்!"

இதை அவர், நான் நோயாளிகளை எப்படிப் பரிசோதிப்பேன் என்று நடித்துக் காட்டுவதாக எடுத்துக்கொண்டாராம். பிறகுதான் தெரியும். நல்ல மனுஷி, ஒத்துழைத்தார். ஒரு கையைத் தூக்கினார். ஒரே ஒரு கையை.

எனக்குச் சந்தேகமே போய்விட்டது. மூன்றாவது சோதனையையும் விடவில்லை. "வானம் நீலமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் ஏதோ குழறினார். இங்கே மழை பெய்கிறது என்பது மட்டும் காதில் விழுந்தது. நான் நீலம் என்கிறேன், இவர் மழை என்கிறார்! நோயாளிக்கு நினைவும் தடுமாறுகிறது என்று நெஞ்சில் குறித்துக்கொண்டேன்.

கேபின் கதவைத் திறந்து, "மாமா, அந்தம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சி!" என்று அலறினேன்.

சோபாவில் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். "அல்லாவே!" என்று அம்மா நெஞ்சில் கை வைத்தார். உம்ரா பெரியவர் உடனே ஓதத் தொடங்கி, கேபினுக்குள் தலையை நீட்டித் திரையைப் பார்த்து மூன்று முறை ஊதினார். அவர் வீட்டம்மா அம்மாவின் காதில், "யாரு, சம்மந்தியம்மாவா?" என்று கேட்டார்.

"ஆம்புலன்சுக்கு அடி!" என்றார் மாமா.

"எந்த ஆம்புலன்சுக்கு மாமா? சிதம்பரம் ஆம்புலன்சு எப்படி ஸ்காட்லாந்து போவும்?"

"சவுதின்னா நம்பர் தெரியும். துபாயும் தெரியும். இது எந்தக் கண்டத்துல இருக்குன்னே தெரியலயே!"

பேராசிரியை அனுப்பியிருந்த மெயிலின் அடியில் ஒரு நம்பர் இருந்தது. மாமாவின் மேஜையில் இருந்த ஐ.எஸ்.டி. போனில் அதை அடித்தேன். வரவேற்பறைப் பெண் ஒருத்தி எடுத்தாள். "உங்கள் பேராசிரியைக்குப் பக்கவாதம், உடனே ஆள் அனுப்புங்கள், படுக்க வையுங்கள், வாய் வழியாக ஒன்றும் கொடுத்துவிடாதீர்கள்" என்று ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் கொட்டினேன்.

"நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்?" என்றாள் அவள், பதறாமல்.

"சிதம்பரம்!"

"சிதம்பரம்... அது எந்தக் கட்டிடம்?"

எந்தக் கட்டிடம் என்று சொல்வேன்? மேலவீதி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எப்படியோ பேராசிரியையின் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டு ஓடினாள் என்று நினைக்கிறேன்.

சற்று நேரத்தில் திரையில் கதவு திறந்தது. பச்சைச் சட்டை போட்ட இரண்டு பேர் ஒரு பையோடும் சக்கர நாற்காலியோடும் நுழைந்தார்கள். சரியாக அந்த நொடியில், அல்லாஹ்வின் நாட்டம், நெட் தெளிவாகிவிட்டது. பேராசிரியையின் முகம் முழுசாகத் தெரிந்தது. வாய் நேராக இருந்தது. இரண்டு கண்ணும் நன்றாகத் திறந்திருந்தன, வழக்கத்தைவிடப் பெரிதாகவே. தூக்காத அந்த இன்னொரு கையில் ஒரு டீ கப் இருந்தது. வந்தவர்களில் ஒருவர் முதல் வேலையாக அதைப் பிடுங்கினார். வாய் வழியாக ஒன்றும் கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன்?

"எனக்கு ஒன்றும் இல்லை! நான் நன்றாக இருக்கிறேன்!" என்று அவர் சொல்லச் சொல்ல, இரண்டு பேரும் பக்குவமாக அவரைப் பிடித்துக் கீழே படுக்க வைத்தார்கள். திரையில் நாற்காலி மட்டும் தெரிந்தது. கீழேயிருந்து அவர் குரல் வந்தது.

"ஷமீமா, நீ நலமாக இருக்கிறாயா?"

நான் வாய் திறப்பதற்குள் யாரோ அங்கே லேப்டாப்பை மூடினார்கள்.

கேபினிலிருந்து வெளியே வந்தேன். மாமா ஒரு கையில் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அந்தப் போனுக்குள் அத்தா இருந்தார், லால்பேட்டை வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"என்னம்மா, அந்தம்மா பொழச்சிக்கிச்சா?"

மாமா ஆரம்பத்திலிருந்தே கண்ணாடி வழியாக என் இண்டர்வியூவை வீடியோ காலில் அத்தாவுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா தன் பங்குக்குக் குவைத்தில் இருக்கும் பெரியம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். மலேசியா டிக்கெட்காரர், வைஃபை பாஸ்வேர்டை மாமாவே கொடுத்ததால், ஏதோ கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அலறியதும் எல்லோரும் பதறிப் போனைக் கீழே வைத்திருக்கிறார்கள், மாமாவைத் தவிர. அதற்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக நெட் தெளிந்திருக்கிறது. ஆக, அந்தப் பேராசிரியைக்குப் பக்கவாதத்தை வரவழைத்தது முழுக்க முழுக்க என் குடும்பத்தின் பாசம்.

எனக்கு அழுகை வந்தது. கோபம் வேறு வந்தது. "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?" என்றேன்.

"ஒங்கத்தாதான் மச்சான் மச்சான்னு கெஞ்சுனாரு. புள்ள பேசுறத ஒரு தடவ பாக்கணும்னாரு. நான் என்னா பண்றது?"

அதற்கு மேல் திட்ட முடியவில்லை.

காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். செய்தி எங்களுக்கு முன்னால் பஸ் ஏறியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெள்ளக்காரம்மா மவுத்தாயிட்டாங்களாமே, ஒன் கண்ணு முன்னாடியேவாம்மா?" என்று கேட்டார். அடுத்த தெருவில் விஷயம் இன்னும் வளர்ந்திருந்தது: நான் போனில் ஏதோ மந்திரித்ததில் அந்தம்மாவுக்குக் கை விழுந்துவிட்டதாம். வாசலில் இரண்டு பேர் துக்கம் கேட்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அத்தா டீ கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அத்தா ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மாப்பிள்ளை என்று ஆரம்பித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். கடலூருக்குப் போனேன், வந்தேன். ஒவ்வொரு நோயாளியிடமும் "ரெண்டு கையையும் தூக்குங்க" என்று சொல்லும்போது அந்த டீ கப்தான் கண்ணில் வந்து நின்றது. என் இடம் போய்விட்டது, நானே அதை ஸ்ட்ரெச்சரில் வைத்து அனுப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு மெயில் வந்தது. விட்ட இடத்திலிருந்து இண்டர்வியூ தொடருமாம். ஆனால் இந்த முறை வீடியோ வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று இருந்தது. கூடவே ஒரு வரி: நான் நலம், மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டார்கள், வீட்டில் என் கணவர் உன்னை விசாரித்தார்.

இந்த முறை கடலூர் மையத்தில், ஒரு அறையைப் பூட்டிக்கொண்டு, தனியாகப் பேசினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "நோய் தப்பு. ஆனால் நீ செய்த எல்லாமே சரி, வரிசைகூட மாறவில்லை" என்றார். பிறகு அன்றைக்குப் பாதியில் நின்ற அதே கேள்வியைக் கேட்டார்: உன் நோயாளிகளின் குடும்பத்தார் அளவுக்கு மீறி உதவ வந்தால் நீ என்ன செய்வாய்?

நான் உதாரணம் தேடவில்லை. மாமாவின் போன், அம்மாவின் போன், போனுக்குள் அத்தா, உம்ரா பெரியவர் ஊதியது வரை ஒன்று விடாமல் சொன்னேன். என்ன செய்வதென்று தெரியாது, அதைக் கற்றுக்கொள்ளத்தான் வர நினைக்கிறேன் என்று முடித்தேன். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டது என்று நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இடம் கிடைத்தது. சொன்னபடி அத்தா சென்னை விமான நிலையம் வரை வந்து ஏற்றிவிட்டார். உள்ளே போகும்முன் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இரண்டு கையையும் உயரத் தூக்கி, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அங்கிருந்து தொடங்கியதுதான். எங்கள் குடும்பத்தில் வீடியோ கால் என்றால் ஸலாம் சொல்வதற்கு முன்னால் எல்லோரும் கையைத் தூக்கிச் சிரிக்க வேண்டும். குவைத் பெரியம்மா முதல் ஜமால் மாமா வரை யாருக்கும் விலக்கு இல்லை. படிப்பு முடிகிற சமயம் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ரியாஸ், சிங்கப்பூரில் இன்ஜினியர். நான் ஸ்காட்லாந்தில், பெரியவர்கள் லால்பேட்டையில், பெண் பார்ப்பதே மூன்று ஊர் வீடியோ காலாக நடந்தது. நான் மூஞ்சைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். (இடம் கிடைத்துவிட்டதால் ஒப்பந்தப்படி எனக்கு அந்த உரிமை உண்டு.) திரை திறந்தது. ரியாஸ் யாரையும் பார்க்காமல், ரொம்ப சீரியஸாக, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஈயென்று பல்லைக் காட்டினார். மாமா சொல்லிக்கொடுத்திருக்கிறார், வேறு யார்? "தோளு ரெண்டும் சமமா இருக்குங்களா? இல்லன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். பிறகு அந்த மூஞ்சைத் திரும்பத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

கல்யாணம் முடிந்து இப்போது இரண்டு பேரும் கடலூரில் இருக்கிறோம். எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை. வந்தால், நான் கத்த ஆரம்பித்ததும் அவர் சோபாவில் சாய்ந்து, வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் தூக்குவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். இருந்தாலும் அந்த இன்னொரு கையும் எழும்புகிறதா என்று ஒரு தடவை பார்த்த பிறகுதான் மிச்சத்தைத் திட்ட முடிகிறது.